எந்தச் சட்டத்துல, தொரை?

மலைநாட்டுத் தோட்டங்களில் நூறு வருடமாக அதிகாரம் எப்படி நடந்தது என்று கேட்டால் பதில் சுருக்கமானது: கேள்வி கேட்பாரில்லாமல் நடந்தது. பெரிய துரை சின்னத்துரையை ஏசுவார். சின்னத்துரை கண்டக்டரை ஏசுவார். கண்டக்டர் கணக்கப்பிள்ளையை, கணக்கப்பிள்ளை கங்காணியை, கங்காணி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நிற்கும் மிச்சப் பேர் எல்லாரையும். இந்த வரிசையில் எவராவது திரும்பி நின்று "எந்தச் சட்டத்துல?" என்று கேட்டால் அவருக்குத் துண்டு, அதாவது வேலையிலிருந்து விடுவிக்கும் சீட்டு, கொடுத்து அனுப்பினார்கள். அல்லது துண்டு கொடுக்காமல் அனுப்பினார்கள். இரண்டாவதுதான் மோசம். துண்டு இல்லாதவனை அடுத்த தோட்டத்துத் துரை வாசலிலும் நிற்க விடமாட்டார்.

கடைசியில் அந்தக் கேள்வியை ஊர் உலகம் கேட்கும்படி கேட்டது ஒரு வெள்ளைக்காரர். அதுவும் துரையாவதற்குப் பயிற்சி எடுக்க வந்தவர். மடுல்கலையில் கிளம்பிய வம்பு நாவலப்பிட்டி வழியாகக் கொழும்பு அல்ஸ்டோர்ப் நீதிமன்றம் வரை போய், 1937 மே மாதத்தில் ஓர் ஆளுநரின் மூக்கை உடைத்துவிட்டு ஓய்ந்தது.

அந்தக் கதைக்குள் போவதற்கு முன்பு கடல் கடந்து ஒரு சுற்றுப் போய்வரலாம். தேயிலைக்கும் "உன் அதிகாரம் எதுவரை?" என்ற கேள்விக்கும் இடையிலான சண்டை நம் மலைகளில் தேயிலை முளைப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது.

1760 அக்டோபரில் இங்கிலாந்தின் இரண்டாம் ஜோர்ஜ் மன்னர் கண்ணை மூடினார். ஊரெல்லாம் துக்கம். அமெரிக்காவின் போஸ்டன் துறைமுகத்துச் சுங்கக்காரர்களுக்குத் துக்கத்தோடு வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது. அவர்கள் கையில் ஒரு காகிதம் இருந்தது. அதைக் காட்டி எவர் வீட்டையும் எவர் கிடங்கையும் திறந்து கடத்தல் சரக்குத் தேடலாம். அந்தக் காகிதத்தின் ஆயுள் மன்னரின் ஆயுளோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. அவர் போன ஆறாம் மாதம் அதுவும் போய்விடும். புதுக் காகிதம் வேண்டி 1761இல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எதிர்த்து நின்ற வக்கீல் ஜேம்ஸ் ஓட்டிஸ் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பேசினார். தோற்றார். ஐந்து மணி நேரம் பேசித் தோற்பது நம் மேதின மேடைகளில் வருடாந்தம் நடக்கிற காரியம்தான். ஆனால் அங்கே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த இளம் வக்கீல் ஜோன் அடம்ஸ் பிற்பாடு அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியானார். நம் மேடைகளில் குறிப்பெடுப்பவர் பெரும்பாலும் சீ.ஐ.டி.

ஏழு வருடம் கழித்து, 1768 ஏப்ரலில், ஜோன் ஹன்கொக் என்ற பெரிய வியாபாரியின் 'லிடியா' கப்பல் லண்டன் சரக்கோடு போஸ்டனுக்கு வந்து நின்றது. ஒரு சுங்க உத்தியோகத்தர் இரவோடு இரவாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டார். ஹன்கொக் வந்து அனுமதிப் பத்திரத்தைக் கேட்டார். காட்டுவதற்குச் சரியான பத்திரம் இல்லை. உடனே ஹன்கொக்கின் ஆட்கள் அந்த மனிதரை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி மேல்தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். சுங்கத்துறை குதித்தது. விவகாரம் மாகாணச் சட்டமா அதிபர் ஜொனதன் சியூவலிடம் போனது. அவர் மன்னரின் ஆள், மன்னரின் சம்பளம் வாங்குபவர். எல்லாவற்றையும் படித்துப் பார்த்த அவர், உத்தியோகத்தர்தான் தன் எல்லையைத் தாண்டியவர், ஹன்கொக் மீது வழக்குப் போட இடமில்லை என்று கோவையை மூடிவிட்டார். அதாவது மேல்தட்டு வரை சுங்கக்காரர். ஏணியில் ஒரு படி இறங்கினால் வெறும் மனுசர். சுங்க அதிகாரத்தின் எல்லையைச் சட்டப் புத்தகத்தாலும் கைப்பலத்தாலும் ஒரே இரவில் அளந்து காட்டிய சம்பவம் வேறு இருக்கிறதா தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1773 டிசம்பரில் 342 பெட்டித் தேயிலை போஸ்டன் கடலில் விழுந்தது. இங்கிலாந்துக்குள்ளேயே அப்போது தேயிலைத் தீர்வை பயங்கரம். கடத்தல் தேயிலை குடிக்காத பாதிரிமாரே குறைவு என்று சொல்லுமளவுக்கு நிலைமை. 1784இல் அரசு புத்தி வந்து 119 வீதத் தீர்வையை 12.5 வீதத்துக்கு இறக்கியது. அத்தனை வருடம் துப்பாக்கியும் படகுமாக அலைந்து சாதிக்க முடியாததை ஒரு கணக்குப்பிள்ளை வேலை சாதித்துவிட்டது. கடத்தல்காரர்கள் தொழிலிழந்தார்கள்.

பெட்டிகள் மூழ்கி நூறு வருடம் கழித்து, 1873இல், லூல்கந்துர தோட்டத்து ஜேம்ஸ் டெய்லர் 23 இறாத்தல் தேயிலையை லண்டனுக்கு அனுப்பினார். அதற்கு முன்பு இங்கே கோப்பி ராச்சியம். 1869இல் கோப்பி இலையில் துருநோய் தென்பட்டது. அதே 1869இல்தான் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டமும் பிறந்தது. இரண்டும் ஓராண்டுப் பிள்ளைகள். ஒன்று கோப்பியைத் தின்று தீர்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. மற்றது திருத்தத்துக்கு மேல் திருத்தம் வாங்கிக்கொண்டு இன்றும் கொழும்புத் துறைமுகத்தில் கடமையில் இருக்கிறது.

தேயிலை வெளியே போவதற்கு ஒரு சட்டம். தேயிலை பறிக்கிறவர்கள் தென்னிந்தியாவிலிருந்து உள்ளே வருவதற்கு வேறு ஏற்பாடு. அக்கரையில் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்பு, ஊசி, காவல். எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று தெரிய ஒரு தகர டிக்கட். வந்து சேர்ந்த பிறகு 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் காத்திருந்தது. துரை சம்பளம் தரவில்லையென்றால் அது கொடுக்கல் வாங்கல் தகராறு. கூலியாள் சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம், மறியல். ஒப்பந்தத்தில் இரண்டு பேர் கையெழுத்து வைத்தாலும் சிறைக் கதவு ஒருவருக்குத்தான் திறந்தது. துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள்.

இதெல்லாம் போதாதென்று அத்துமீறல் சட்டம். தோட்டம் துரையின் வளவு. தொழிலாளர் குடியிருக்கும் லயமும் அந்த வளவுக்குள் இருப்பதால், லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவரைப் பார்க்க வருகிற சொந்தக்காரரும் சட்டப்படி துரையின் விருந்தாளி. தொழிற்சங்கக்காரரோ விருந்தாளிப் பட்டியலிலேயே இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர் இந்தச் சட்டத்தோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு புடைவை வியாபாரியாகத் தோட்டத்துக்குள் போய்விட்டார். சேலைக்கு அனுமதியுண்டு, சங்கத்துக்குத்தான் இல்லை. துரைமாரின் அதிகார எல்லையில் ஒரு புடைவை அகலத்துக்கு ஓட்டை இருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர். 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்கும் போனார். அவரை நாடு கடத்த வேண்டுமென்ற ஆசை பல பங்களாக்களில் இருந்தது. ஆனால் அவர் கறுப்புத் தோல்காரர். ஏசலாம், வழக்குப் போடலாம், கௌரவம் போய்விட்டதே என்று அழ முடியாது.

கௌரவம் போவதற்கு ஒரு வெள்ளைத் தோல் தேவைப்பட்டது.

மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் 1912இல் லண்டனில் பிறந்தவர். அம்மா பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். தாயைப் போலப் பிள்ளை. அவுஸ்திரேலியாவுக்குக் குடிபோய், ஓவியமும் விவசாயமும் படித்து, இளம் கொம்யூனிஸ்ட் அமைப்பிலும் சேர்ந்துகொண்டார். 1936இல் 'பெண்டிகோ' கப்பலில் கொழும்பில் வந்திறங்கி மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்தில் கிரீப்பராகச் சேர்ந்தார். கிரீப்பர் என்றால் தோட்டத்தில் வேலை பழகிக்கொண்டு, சாயங்காலம் கிளப்பில் டெனிஸ் பழகிக்கொண்டு, ஒருநாள் பெரிய துரையாகப் போகிற பையன். வேலைக்கு எடுத்தவர்கள் அவர் தோலைப் பார்த்தார்கள். கட்சி அட்டையைப் பார்க்கவில்லை.

ரெலுகாஸ் ஹட்டனுக்குப் பக்கமில்லை, கண்டி மாவட்டத்து மறுகோடி. ஆனால் லயம் எங்கேயும் லயம்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் ஒரு குடும்பம், பிரட்டில் கங்காணியின் வசவு, பிள்ளைகளின் படிப்பைப் பற்றித் துரைக்கிருந்த அக்கறையின்மை, எல்லாவற்றையும் அந்தப் பையன் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் தொழிலாளரோடு பழகவும் அவர்கள் பக்கம் நின்று பேசவும் தொடங்கினார். கிரீப்பர் பயிற்சியில் இப்படியொரு பாடம் கிடையாது. சில மாதங்களில் வேலை போனது. திரும்பிப் போய்த் தொலைவான் என்று துரைமார் எதிர்பார்த்தார்கள். அவரோ நேரே கொழும்புக்குப் போய் லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். கட்சிக்கு அப்போது வயது ஒன்று. ஒரு வயதுப் பிள்ளைக்கு வெள்ளைக்காரப் பொம்மை கிடைத்த மாதிரி அவர்களுக்கு ஒரே குஷி. 1936 நவம்பரில் கொழும்புக் கூட்டமொன்றில் கட்சித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா அவரைச் சபைக்கு அறிமுகப்படுத்தி வைத்தார்.

வினை 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் வந்தது. இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய பேசுகிற கூட்டம். சுற்றுத் தோட்டங்களிலிருந்து இரண்டாயிரம் பேர் போல இறங்கி வந்திருந்தார்கள். சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா எழுந்து, ஒரு வெள்ளைத் தோழர் பேசப்போகிறார் என்று அறிவித்தார். பிரேஸ்கேர்டில் எழுந்தார். மலையில் தெரிந்த பங்களாக்களைக் கையால் காட்டி, அங்கே இருப்பவர்கள் உங்கள் இரத்தத்தில் வாழ்பவர்கள் என்கிற அர்த்தத்தில் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூட்டத்திலிருந்து "சாமி, சாமி" என்று சத்தம். பிரேஸ்கேர்டில் என்ற பெயர் வாயில் நுழைய மறுத்ததால் சாமியாக்கிவிட்டார்களோ என்னவோ. கடவுள் இல்லையென்று நம்புகிற மனிதரைக் கும்பிட்டே கவிழ்த்தார்கள் நம் ஆட்கள்.

பொலிஸ்காரர் எழுதிய அறிக்கையைப் படித்தால் பாவமாக இருக்கும். பேச்சின் தோரணை, முகத்தின் அமைப்பு, நின்ற நிலை, மூன்றும் பயமுறுத்துவதாக இருந்தன என்று குறித்து வைத்திருக்கிறார். பேச்சுக்குச் சட்டத்தில் ஏதாவது பிரிவு தேடலாம். முகத்துக்கு எந்தப் பிரிவு? தொழிலாளர் சட்டங்களைத் துரைமார் மீற விடக்கூடாது என்று இந்த வெள்ளைக்காரர் சொன்னது சரிதானே என்று ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதாகவும் அதே அறிக்கை கவலைப்படுகிறது. சட்டத்தை மீறாதே என்று சொன்னவரை என்ன சட்டத்தில் பிடிப்பது என்று தெரியாமல் அந்தப் பேனை தடுமாறியது நன்றாகத் தெரிகிறது.

துரைமார் நேரே ஆளுநரிடம் போனார்கள். ஆளுநர் சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸ் இந்த விஷயத்தில் பழுத்த அனுபவசாலி. ஹொங்கொங்கில் ஆளுநராக இருந்தபோது 1922இல் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1925இல் ஊரையே முடக்கிய பெரிய வேலைநிறுத்தம் என்று இரண்டைப் பார்த்தவர். பிறகு ஜமேக்கா, பிறகு சைப்பிரஸ். ஏகாதிபத்தியத்துக்கு எங்கெங்கே தலையிடி வந்ததோ அங்கங்கே அவரை அனுப்பினார்கள். போன பிறகு தலையிடி குறைந்ததாகச் சரித்திரத்தில் இல்லை. ஓய்வுபெற இன்னும் இரண்டே மாதம். பேசாமல் இருந்திருந்தால் மாலை மரியாதையோடு போயிருக்கலாம்.

இருக்கவில்லை. அலுமாரியைத் துழாவி, விக்டோரியா மகாராணி காலத்து 1896ஆம் ஆண்டின் அரச ஆணையொன்றைத் தூசி தட்டி எடுத்தார். எவரையும் நாட்டை விட்டுப் போகச் சொல்ல ஆளுநருக்கு அதிகாரமுண்டு என்று அதில் ஒரு வாசகம் இருந்தது. அது போதும் என்று நினைத்தார். ஏப்ரல் 22ஆம் திகதி பிரேஸ்கேர்டில் கையில் கட்டளை கொடுக்கப்பட்டது: 48 மணி நேரம், 'மூல்தான்' கப்பல், டிக்கட் அரசாங்கச் செலவு. மண்டபத்தில் தகர டிக்கட் கொடுத்து ஆளைக் கொண்டுவந்த அரசாங்கம் முதல் முறையாக ஒருவருக்கு நல்ல டிக்கட் எடுத்துக் கொடுத்துப் போகச் சொன்னது. பயனாளி ஏற மறுத்தார். மூல்தான் அவர் இல்லாமலேயே போனது.

ஆள் மறைந்துவிட்டார். இலங்கையில் ஒரு வெள்ளைக்காரர் ஒளிந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். இட்டலிக் கடையில் உட்கார முடியாது, பஸ்ஸில் போக முடியாது, குளிக்க ஆற்றுக்குப் போனால் ஊரே கரையில் நிற்கும். அப்படிப்பட்டவரைப் பொலிஸ் இரண்டு வாரமாகத் தேடியும் பிடிக்க முடியவில்லை. மே தினத்தன்று பிரைஸ் பார்க்கில், பிரேஸ்கேர்டில் எங்களுக்கு வேண்டும், நாடு கடத்துவதானால் ஸ்டப்ஸை நாடு கடத்து என்று பலகை எழுதிப் பிடித்தார்கள். மே 5ஆம் திகதி அரசாங்க சபையில் என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் ஆளுநருக்கு எதிராகக் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். உள்நாட்டு அமைச்சுப் பொறுப்பிலிருந்தவரிடம் ஆலோசனை கேட்காமலே கட்டளை போட்டது அமைச்சர்களுக்கே உறுத்தியது. தீர்மானத்துக்கு ஆதரவாக 34, எதிராக 7. ஆளுநரைச் சொந்தச் சபையே குட்டிய கதை இது.

அன்றைக்கே காலிமுகத்திடலில் 50,000 பேர் கூடினதாகச் சொல்கிறார்கள். மேடையைக் கவனியுங்கள்: கொல்வின் தலைமை, பிலிப், என்.எம்., ஏ.ஈ. குணசிங்க, யாழ்ப்பாணத்து ஹண்டி பேரின்பநாயகம், நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. இத்தனை பேரை ஒரே மேடையில் நிறுத்தின பெருமை ஸ்டப்ஸைச் சேரும், வேறெவராலும் முடிந்ததில்லை. கூட்டத்துக்கு நடுவில் தேடப்படும் நபரே மேடையில் வந்து நின்றார். பொலிஸ் அசையவில்லை. ஐம்பதாயிரம் பேருக்கு முன்னால் பொலிஸ் அதிகாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதை அளக்க நீதிமன்றம் தேவைப்படவில்லை.

இரண்டொரு நாளில் அல்ஸ்டோர்ப்பில் கட்சிச் செயலாளர் வேர்னன் குணசேகரவின் வீட்டில் வைத்து ஆளைப் பிடித்தார்கள். வக்கீல்மார் வீதியில், ஒரு வக்கீல் வீட்டில், நீதிமன்றத்துக்குக் கூப்பிடு தூரத்தில் போய்ப் பிடித்தார்கள். கட்சிக்காரர்கள் இதற்காகத்தான் காகிதமெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஆட்கொணர் மனு உடனே போனது. நாட்டின் முதல்தர சிவில் வக்கீல் எச்.வி. பெரேரா ஒரு சதம் வாங்காமல் ஆஜரானார்.

இந்த மனுவில் ஒரு வேடிக்கை உண்டு. ஆட்கொணர் ஆணை மன்னரின் பெயரால் பிறப்பது. ஆளுநரின் கட்டளையும் மன்னரின் பெயரால் வந்தது. ஆக, மன்னர் ஒரு கையால் பிரேஸ்கேர்டிலைக் கப்பலில் ஏற்றச் சொல்கிறார், மறு கையால் ஏன் ஏற்றுகிறாய் என்று கேட்கிறார். அந்த மன்னரோ, ஆறாம் ஜோர்ஜ், மே 12ஆம் திகதிதான் முடி சூட்டிக்கொண்டார். கொழும்பில் தோரணமும் கொடியுமாக விழா. கிரீடம் தலையில் சரியாக உட்காருவதற்குள் அவர் பெயரால் இப்படியொரு இழுபறி.

விசாரித்தவர்கள் மூன்று பேர்: பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ், நீதியரசர்கள் மார்ட்டென்ஸ், சேர்ட்ஸ். ஏப்ரகாம்ஸ் சாதாரண ஆளில்லை. நீளம் பாய்தலில் 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் வரை போனவர். 1924இல் நூறு மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்ற ஹரல்ட் ஏப்ரகாம்ஸ் அவருடைய தம்பி. நீளம் பாய்கிறவனுக்கு எவ்வளவு தூரம் பாய்ந்தாய் என்பதற்கு முன்பு, கால் பலகையைத் தாண்டி மிதித்தாயா என்பதுதான் கேள்வி. மிதித்திருந்தால் பாய்ச்சலை அளக்கவே மாட்டார்கள். ஸ்டப்ஸின் வழக்கு வந்து விழுந்த இடம் அப்படிப்பட்ட நடுவரின் மேசை.

எச்.வி. பெரேராவின் வாதத்தைச் சந்தை மொழியில் சொன்னால் இவ்வளவுதான்: ஐயா, இந்த 1896 ஆணை யுத்தம், கலவரம் மாதிரி ஆபத்துக் காலத்துக்காக எழுதியது. முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வாசகங்களை விட்டுவிட்டு நடுவில் ஒரு வரியை மட்டும் பிடுங்கி எடுத்து, சமாதான காலத்தில் ஒரு கூட்டத்தில் பேசினவன் மேல் வீசலாமா? இப்போது எங்கே யுத்தம்? அரச தரப்போ, தேவையா இல்லையா என்பது ஆளுநரின் விருப்பம், நீதிமன்றம் அதற்குள் மூக்கை நுழைக்க முடியாது என்றது. இந்த வாதம் அப்போது பேரரசெங்கும் ஓடிக்கொண்டிருந்த பழைய படம். நைஜீரியாவில் லாகோஸ் நகரத்துப் பாரம்பரியத் தலைவர் எலேகோவை ஆளுநர் நகரை விட்டு வெளியேற்றியபோதும் இதையே சொன்னார்கள். 1931இல் லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில், அதாவது பேரரசின் கடைசி மேன்முறையீட்டு மன்றம், அதைக் கேட்கவில்லை. ஆளுநர் ஒருவரைத் தொடுவதானால் தொடுவதற்குச் சட்டம் இருக்கிறதென்று நீதிமன்றத்தில் காட்டியே ஆகவேண்டும் என்றது.

மே 18ஆம் திகதி ஏப்ரகாம்ஸும் அதையே சொன்னார். ஆணை ஆபத்துக் காலத்துக்கு மட்டும், ஆபத்துக் காலமில்லை, ஆகவே அதிகாரமில்லை. ஆளுநரின் தனிப்பட்ட அபிப்பிராயம் சட்டமாகாது. பிடித்து வைத்திருந்தது சட்டவிரோதம், விடுங்கள். நாவலப்பிட்டியில் நின்ற நிலையே பயமுறுத்தலாக இருந்தது என்று எழுதப்பட்ட மனிதர் நீதிமன்றத்தை விட்டு நடந்து வெளியே வந்தார். ஸ்டப்ஸ் ஜூன் கடைசியில் பதவி முடிந்து போனார். யார் யாரிடம் சொன்னது, யார் யாரைக் கேட்கவில்லை என்று ஆராய ஓர் ஆணைக்குழு போட்டு 1938இல் அறிக்கையும் வந்தது. அதைப் படிக்கும் பொறுமை எனக்கு ஒரு தடவைதான் வாய்த்தது. பிரேஸ்கேர்டில் பிற்பாடு தானாகவே கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனார், 1999 வரை வாழ்ந்தார். போக மாட்டேன் என்று அவர் வழக்காடவில்லை. விரட்டினால் போக மாட்டேன் என்றுதான் வழக்காடினார்.

இங்கே கதையை நிறுத்தினால் கைதட்டிவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். சமசமாஜக் கட்சி வரலாறுகளும் இந்த இடத்தில் ஒரு கொடியை நட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும்.

ஸ்டப்ஸ் செய்த பிழை ஒன்றே ஒன்று. சட்டமில்லாமல் விரட்டப் பார்த்தார். அவருக்குப் பின் வந்தவர்கள், நம் சொந்த ஆட்கள், அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டார்கள்: முதலில் சட்டம், பிறகு விரட்டல். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அப்படி வந்து தோட்டத் தமிழரில் பெரும்பாலாரைக் குடியுரிமை இல்லாதவராக்கியது. 1947 தேர்தலில் மலைநாடு ஏழு இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1952இல் ஒருவரும் இல்லை, வாக்காளரையே காணோம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் காலிமுகத்திடல் மேடைப் பண்டாரநாயக்க உட்கார்ந்திருந்தார். ஒரு வெள்ளைக்காரரை 48 மணி நேரத்தில் போகச் சொன்னதற்குக் கொதித்தவர், லட்சக்கணக்கானவரை இருந்த இடத்திலேயே அந்நியராக்கியபோது கொதித்ததாகத் தெரியவில்லை. என்.எம்.மும் கொல்வினும் அப்போது எதிர்த்தார்கள், நன்றாகவே எதிர்த்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

எந்தச் சட்டத்துல என்று இந்தத் தடவையும் ஒருவர் கேட்டார். பெயர் கோடகன்பிள்ளை. வாக்காளர் பட்டியலில் பெயரில்லை என்று வழக்குப் போட்டார். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் இயற்றக்கூடாது என்கிறதே, பிறகு இந்தச் சட்டத்துக்கு ஏது அதிகாரம் என்பது வாதம். முதலில் விசாரித்த அதிகாரி சரிதான் என்றார். உயர் நீதிமன்றம் இல்லை என்றது. 1953இல் பிரிவி கவுன்சிலும் இல்லை என்றது. சட்டம் எவர் இனத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லையாம். யார் குடிமகன் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் உள்ள உரிமையாம். எலேகோவுக்குத் திறந்த கதவு கோடகன்பிள்ளைக்குத் திறக்கவில்லை.

1964 அக்டோபரில் இந்த நாடற்றவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கு பிரிக்கும் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைத்தார்கள். மிளகாய் மூட்டையைப் பங்கு போடுகிறவர்களாவது நிறுத்துப் பார்ப்பார்கள். இங்கே மூட்டைக்குள் இருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் போட்டார்கள், பெருந்தன்மையாக. அன்றைக்கு நிதி அமைச்சர் யார் தெரியுமா? நாவலப்பிட்டியில் வெள்ளைத் தோழரை அறிமுகப்படுத்திய அதே என்.எம். பெரேரா. 1970 முதல் 1975 வரை மறுபடியும் அவர்தான். சுங்கத்துறை நிதி அமைச்சின் கீழ் வருவது. ஹட்டனிலும் பதுளையிலும் அழுகையோடு கோச்சியேறியவர்கள் தலைமன்னார் இறங்குதுறையில் 'இராமானுஜம்' கப்பலுக்குக் காத்து நின்று தகரப்பெட்டியைத் திறந்து காட்டியது அவருடைய உத்தியோகத்தர்களிடம். லிடியா கப்பலின் கீழ்த்தளத்தில் ஹன்கொக் கேட்டதுபோல, பெட்டிக்குள் கைவிட உனக்கு என்ன அதிகாரம் என்று இங்கே கேட்க முடியாது. 1869இன் சட்டம் இருக்கிறது. எல்லாம் சட்டப்படி.

கொல்வின் அதே 1970 - 75 காலத்தில் பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சர். அதாவது பெரிய துரைக்கும் மேலான பெரிய துரை. அரசியலமைப்பு விவகாரமும் அவர் கையில். அவர் வரைந்த 1972 அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இல்லை. அதற்குச் சற்று முன்பே பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்கிற வழியையும் அடைத்தாயிற்று. காலிமுகத்திடல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் முப்பத்தைந்து வருடம் கழித்து அந்தக் கேள்வியைக் கேட்கிற வாசலையும் பூட்டி, சாவியையும் கொண்டுபோனார். ஸ்டப்ஸ் உயிரோடு இருந்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்.

இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல் நிறைவேறியது. 1948 சட்டத்துக்கும் அதற்கும் இடையில் 55 வருடம்.

பிரேஸ்கேர்டில் தீர்ப்பு புதிய சட்ட அறிக்கைகளின் 39ஆம் தொகுதியில் 193ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. கோடகன்பிள்ளை வழக்கின் பிரிவி கவுன்சில் தீர்ப்பு 54ஆம் தொகுதியில் இருக்கிறது. நூலகத்துக்குப் போகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே எடுங்கள். முதலாவதை மட்டும் படித்துவிட்டுச் சந்தோஷமாக எழுந்து போய்விடாதீர்கள்.